தண்ணீர் அசையாத பெட்டி

கன்னியப்பன் தன் பேஸ் கிடாரின் தடித்த கம்பியை ஒரு முறை மீட்டினால் கழுவேலி நகரின் ஏழாம் பிளாக் ஓர் அரிசி உயரத்துக்கு மண்ணுக்குள் இறங்கும். ஒரு பாட்டுக்கு அந்தக் கம்பி எவ்வளவு உழைக்கிறது, ஒரு சாவுக்கு எத்தனை பாட்டு, வருஷத்துக்கு எத்தனை சாவு என்று கூட்டிப் பார்க்கிற பழக்கம் அங்கே எவருக்கும் இல்லாததால், கட்டடம் கணுக்கால் ஆழம் போகிற வரைக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிரித்துப்போட்டு, சனங்களை லாரியில் ஏற்றி, நகரத்தின் கடைசித் தெருவையும் தாண்டிக் கொண்டுபோய், நாணல் முளைத்த சதுப்பின் மேல் எட்டு மாடிகளாக நின்ற கட்டடங்களில் இறக்கிவிட்ட நாளிலிருந்து, லிஃப்ட் நின்றது, தண்ணீர் நின்றது, பஸ் வராமல் நின்றது என்று கவலைப்பட அவர்களுக்கு நிறைய இருந்தன. வாசற்படி தாழ்வதும் அந்த வரிசையின் வாலில் வந்து சேர்ந்துகொண்டது.

ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் செத்தாலும் தெருவை மறித்துச் சாமியானா போட்டு, ஐஸ் பெட்டியை நடுவில் வைத்து, பக்கத்தில் கானாக் குழு உட்கார்ந்து, செத்தவர் பேரைச் சொல்லி, அவர் குடித்த டீ, போட்ட சண்டை, கட்டிய பெண்டாட்டி, கட்டாமல் விட்ட பெண் என்று எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டிப் பாடித்தான் சுடுகாட்டுக்கு எடுப்பார்கள். பாட்டில்லாமல் அனுப்புவது செருப்பால் அடிப்பதற்குச் சமம். பாத்திரம் பண்டத்தோடு அந்த வழக்கத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். குழுவில் பேஸ் வாசித்தவன் கன்னியப்பன். பேஸ் கிடார் கச்சேரியில் எவரும் கவனிக்காத வாத்தியம். நாலே கம்பி. பாடுகிறவனுக்குக் கைதட்டுவார்கள், டோலக்குக்காரனின் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள், கன்னியப்பனைப் பார்த்து நீ வாசிக்கிறியா சும்மா மாட்டிக்கினு நிக்கிறியா என்று கேட்பார்கள். ஆனால் அவன் கையை எடுத்துவிட்டால் பாட்டுக்குக் கீழே தரை இல்லாமல் போனதுபோல் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேசிங்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாரம் தூக்குமுன் தரை அசைகிறதா என்று பார்க்க ஒரு டம்ளரில் தளும்பத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது அவருடைய தொழில் புத்தி. பிளாக் வாசலில் எவர்சில்வர் டம்ளரை வைத்தார். சுவரும் மண்ணும் சேருகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கன்னியப்பனை ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொன்னார். மூன்று கம்பிக்கும் தண்ணீர் சும்மா இருந்தது. நாலாவது, எல்லாவற்றிலும் தடித்தது, உறுமியவுடன் தண்ணீரில் வளையம் வளையமாக விரிந்தது, சாக்பீஸ் கோட்டைக் காணவில்லை. குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள். கோடு கீழே இருந்தது. அவ்வளவுதானா என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

கட்டடம் இறங்கிக்கொண்டிருந்தது, சனங்களும் அதற்குத் தக்கபடி தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். எட்டாம் மாடிக்காரர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஏறவேண்டிய படி குறைகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும், அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் கன்னியப்பனிடம், கொஞ்சம் அழுத்தியே வாசிப்பா என்று காதோடு சொல்வார்கள். முதல் மாடிக்காரர்கள் பால்கனிச் சுவரை இடித்துக் கதவு வைத்து, எதிரே மண்ணைக் கொட்டிச் சரிவு போட்டு, இனி நாங்கதான் தரைவீடு என்று கோலம் போட்டார்கள். ஆடுகள் கீழ்வீட்டு ஜன்னல் மறைப்பின் மேல் படுத்து அசைபோட்டன. கேபிள்காரன் ஒயரைத் தளர்த்திவிட்டுப் போனான். கீழ்த்தளத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தார்ப்பாய் கட்டிக்கொண்டன. கால் இருந்தது, போனார்கள்.

கன்னியப்பனின் மனைவி ஏகவல்லியால் போகமுடியவில்லை. சின்ன வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலை ஒரு விளக்குமாற்றுக் குச்சியாக வற்றவைத்துவிட்டது. இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துத்தான் நடப்பாள். அதனால்தான் குலுக்கல் இல்லாமல் அவளுக்குக் கீழ்த்தளத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். மோட்டார் வைத்த தையல் மிஷினில் பிளாக்குக்கே ரவிக்கை தைத்தாள். எந்தப் பெண்ணின் தோள் எவ்வளவு, எவள் இளைத்தாள், எவள் மறைக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி, வாயும் ஜாஸ்தி. தரை உயர உயர, பெண்கள் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வழியாகத் துணியைக் கீழே நீட்டினார்கள். உங்க கால மட்டும்தான் பாக்கறேன், மூஞ்சி மறந்துபோச்சு என்பாள் அவள்.

தேசிங்கு வாசிக்காதே என்று சொல்லிவிட, கன்னியப்பன் ஒருநாள் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். இனி வாசிப்பதில்லை என்றான். குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன், பேஸெல்லாம் என் இடதுகையே பாத்துக்கும் என்று ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தான், ஒரு மாசம் கையை ஆறவிட்டால் அந்த இடம் போய்விடும். போகட்டும் என்று இருந்தான். கட்டடமும் இறங்காமல் நின்றது. அப்புறம் தேசிங்குவின் அண்ணன் மகன் பைக்கிலிருந்து விழுந்து செத்தான். தேசிங்குவே வந்து குனிந்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"கன்னியப்பா, வயசுப் புள்ளடா. மொட்டையா அனுப்ப மனசு வர்ல. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் வாசிச்சிடு."

"நீங்கதான தலைவரே வாசிக்காதன்னீங்க."

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்கறேன்."

வாசித்தான். ஏகவல்லியின் வாசலில் இருந்த மேடு இடுப்பளவு ஆனது. அன்று சாயங்காலம் சாமியானாவைப் பிரிப்பதற்குள் அவள் கட்டைகளைப் பிடித்து, கன்னியப்பன் பின்னாலிருந்து தாங்க, அந்த மேட்டைத் தவழ்ந்து ஏறி வெளியே வந்து, ரவிக்கையெல்லாம் மண்ணோடு எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"முதல் மாடில யாராவது என்கூட வீட்ட மாத்திக்குங்க. வூடு குடுத்த ஆபீஸ்ல கேட்டாச்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கினா போதும்ன்றாங்க. நாலடி எறங்கி ஏர்றது உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு அது மலை."

முதல் மாடியில் நாலு வீடு. பேபி, இப்பத்தான டைல்ஸ் போட்டேன் என்றாள். இன்னொருத்தி, எம் பொண்ணு அந்த வூட்லதான் ஒக்காந்தா, ராசியான வூடு என்றாள். மூன்றாவது வீட்டுக்காரர் போன் வந்ததுபோல் எழுந்து போனார். நாலாவது வீடு தேசிங்குவுடையது. அவர் மனைவி ஜெகதா அவர் முகத்தைப் பார்த்தாள். தேசிங்கு கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நடந்தது எதையும் கெட்டவர்கள் செய்யவில்லை.

"வூடு மாத்தறதெல்லாம் பெரிய வேலம்மா," என்றார். "பெட்டிய மாத்திடலாம்."

பெட்டி என்று அவர் சொன்னது கன்னியப்பனின் ஆம்ப்பை. இடுப்பு உயரத்துக்கு, பீரோவைப் பாதியாக அறுத்துப் படுக்கவைத்த மாதிரி ஒன்று. கிடாரின் கம்பியில் பிறக்கிற சின்ன அதிர்வை ஊர் கேட்க உறுமவைப்பது அதுதான். கம்பிமேல் குற்றமில்லை, பெட்டிமேல்தான் குற்றம், சின்னதாகப் பார்த்து ஒன்று வாங்கிவிட்டால் பாட்டும் இருக்கும், வீடும் நிற்கும், யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இவ்வளவு நல்ல யோசனை அந்தச் சங்கத்தில் அதுவரை வந்ததில்லை. அங்கேயே துண்டு விரித்தார்கள். கொடுக்காத வீடு ஒன்றுகூட இல்லை. ராசியான வீட்டுக்காரி எல்லோரையும்விட அதிகமாகப் போட்டாள்.

கன்னியப்பன், தேசிங்கு, இரண்டாம் மாடி முனிரத்தினம் மூவரும் பஸ் மாறி மாறி வாத்தியக் கடைக்குப் போனார்கள். முனிரத்தினத்தின் வேலை டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிவருவது. புறப்படும்போது ஏகவல்லி ஜன்னலில் முகத்தை வைத்து, "எத வேணா வாங்கு. எனக்கு ஒரு அடி வெளிச்சம் மிச்சம் வை," என்றாள் கணவனிடம்.

கடைக்காரர் ஜோசுவா தேவாலயத்தில் பேஸ் வாசித்துப் பழகியவர். கேட்பதற்கு முன்பே மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். முதலாவது கனமாக இருந்தது, ஒரே குரல்தான். கன்னியப்பன் தட்டியவுடன் டம்ளரில் தண்ணீர் தளும்பி வழிந்தது. தேசிங்கு கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். இரண்டாவது ஒரு பானை அகலத்துக்கு ஸ்பீக்கர் வைத்தது. அதில் கன்னியப்பன் ஒரு பாட்டின் பாதியை வாசித்தான், வாசிக்கும்போதே அவன் முகம் தளர்ந்தது. தனக்கென்று ஒன்று வாங்குவதானால் இதைத்தான் வாங்குவான் என்பது பார்த்தாலே தெரிந்தது. தண்ணீரில் லேசாக ஒரு வளையம் ஓடியது.

"ஆடுது," என்றார் முனிரத்தினம்.

மூன்றாவது பெட்டி டிபன் கேரியர் அளவுதான். கைப்பிடி போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம், கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், டிரம்ஸ் தாளம்கூட அதிலேயே வரும்.

"இது மாடலிங் ஆம்ப்," என்றார் ஜோசுவா. "இந்தக் குமிழத் திருப்புங்க. ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு பெரிய பெட்டி மாதிரி பேசும். இது பெரிய ஹால்ல வைக்கறது, இது பழைய காலத்து வால்வு, இது ரெகார்டிங் ஸ்டூடியோவுல இருக்கறது. எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. பிராக்டீஸ்க்கு ஹெட்போன் மாட்டிக்கலாம், ஒருத்தருக்கும் கேக்காது."

"சாவுக்கு வாசிக்கறது சார். பொணத்துக்கு மட்டும் ஹெட்போன் மாட்ட முடியாது," என்றார் தேசிங்கு.

கன்னியப்பன் தடித்த கம்பியை மீட்டினான். அதே உறுமல் அந்தத் துளிப் பெட்டியிலிருந்து வந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. தேசிங்கு குனிந்து டம்ளரின் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை என்றார். இன்னொரு குரல் என்றார். எந்தக் குரலுக்கும் தண்ணீர் அசையவில்லை.

"இவ்ளோ சின்னதுலேர்ந்து எப்பிடி சார் அவ்ளோ அடிக்குரல் வருது?" என்று கேட்டான் கன்னியப்பன்.

"வர்றதில்லப்பா. இந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ எறங்க வக்கில்ல. அந்த ஸ்வரத்துக்கு மேல இருக்குற குட்டி ஒலிங்கள மட்டும்தான் இது குடுக்கும். அடிய கேக்கறவன் காது தானா போட்டுக்கும். இல்லாதத இருக்கறதா கேக்கும்."

"அப்ப காது போட்டுக்கற அந்த சத்தம் எங்க போவும்?"

"எங்க போவும், கேக்கறவன் உள்ளதான் இருக்கும்," என்றார் ஜோசுவா, ரசீது எழுதிக்கொண்டே.

தேசிங்குவுக்கு அதில் வேண்டியது கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் அந்தச் சத்தமே கிடையாது என்றால் கட்டடத்துக்கு எப்படிக் கேட்கும். கன்னியப்பன் இரண்டாவது பெட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தூக்கிக்கொண்டான். அன்று பிளாக் வாசலில் அதற்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பழைய பெட்டியை எதிரே தனியாக நின்ற சங்க அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

புதுப் பெட்டிக்கு முதல் சாவு நான்காம் மாடி துலுக்காணம். வாழ்ந்து முடித்த கிழவர், அழுகை குறைவு, அதனால் பாட்டைக் கேட்க எல்லோருக்கும் மனசு இருந்தது. பால்கனியெல்லாம் தலைகள். கன்னியப்பன் பெரிய ஹாலின் குரலுக்குக் குமிழைத் திருப்பி வாசித்தான், டம்ளர் தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை, தேசிங்கு அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார், எல்லோரும் தலையாட்டினார்கள். பிணத்தை எடுத்துப்போய்த் திரும்பிவந்து பார்த்தால் ஏகவல்லியின் கதவில் முக்கால் பங்கு மண்ணுக்குள் இருந்தது. அதுவரை எந்தச் சாவுக்கும் கட்டடம் அவ்வளவு இறங்கியதில்லை.

பழைய பெட்டியை ஒளித்துவைத்து வாசித்துவிட்டான் என்று சங்க அறையைத் திறந்து பார்த்தார்கள். அது அங்கேயே தூசியோடு இருந்தது. கன்னியப்பனின் சட்டையைப் பிடிக்கப் போனவர்களை ஜன்னலிலிருந்து ஏகவல்லி கூப்பிட்டாள்.

"அவர ஏன் புடிக்கிறீங்க? பெட்டில இல்லாத சத்தத்த நீங்கதான போட்டுக்கினீங்க. அவரு ஒருத்தரு போட்டப்ப ஒரு அரிசி எறங்கிச்சு. இப்ப பிளாக் மொத்தமும் சேந்து போட்டீங்க. என் வாசலப் பாருங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று எல்லோருக்கும் உடனே புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொண்டால் அடுத்த பேச்சு வீட்டைப் பற்றித்தான் வரும் என்பதும் புரிந்தது. ஆகவே மறுபடி சங்கம் கூடி, காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது. கீழிருந்து டும்மென்று எந்தச் சத்தம் வந்தாலும், சாவோ பிராக்டீஸோ, அந்த நொடியே பஞ்சை அடைத்துக்கொள்ள வேண்டும், அப்படிச் செய்யாத வீட்டுக்குச் சங்கம் தண்ணீர் திறந்துவிடாது. மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன டப்பா வந்தது. பாப்பாக்களுக்கு அம்மாக்கள் அடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டன, எவன் கடைசியில் அடைக்கிறானோ அவன் தோற்றான். சாவுகளில் மட்டும், சொந்தக்காரனைப் பற்றிப் பாடும்போது எப்படிக் கேட்காமல் இருப்பது என்று ஒரு காதை அரைகுறையாக விட்டுவைத்தார்கள், கட்டடமும் அரைகுறையாக இறங்கியது.

ஏகவல்லிக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று தேசிங்குவுக்கு உறுத்தல் இருந்தது. ஆள் வைத்து அவள் வாசலுக்கு எதிரே பள்ளம் வெட்டி, கதவு திறக்கும்படி செய்து, மேலேயிருந்து கீழே வரைக்கும் அழகாகச் சிமென்ட் படிகள் கட்டிக்கொடுத்தார். கைப்பிடிச் சுவருக்கு நீலச் சாயம். நடக்கமுடியாத ஒருத்திக்குப் படிக்கட்டைப் பரிசாகக் கொடுக்கிறோம் என்பது அந்தப் பிளாக்கில் யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. ஏகவல்லி படிகளைக் கீழே உட்கார்ந்து பார்த்தாள். "நல்லா கீது தலைவரே," என்றாள். கன்னியப்பன் முதுகில் சுமந்து மேலே ஏற்றுகிறேன் என்றான், மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டுகிறேன் என்றான். மூட்டை மாதிரி ஏற்றி அங்கே உட்காரவைத்தால் அப்புறம் கக்கூசுக்குக்கூட அவன் முதுகைக் கேட்கவேண்டும், ஒரு கதவு, நாலு சுவர், தன் மிஷின், தன் கட்டையில் தானே போகிற கக்கூசு, அது போதும் என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் அன்று வேறொரு பேட்டையில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போயிருந்தான், போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. மத்தியானத்துக்குமேல் ரோட்டில் நின்ற தண்ணீர் வழிதேடி, அந்தப் பள்ளத்தைக் கண்டது. நீலச் சாயம் பூசிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க் கதவைத் தள்ளி, உள்ளே நிறைந்து, ஏகவல்லியைக் கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து தையல் மிஷின் பலகைக்கும் ஏற்றியது. ஜன்னலுக்கு வெளியே பாதி மண், மீதி மழை, அவள் கூப்பிட்டது அந்த இரைச்சலில் எங்கும் போகவில்லை. அவள் தன் கக்கத்துக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கூரையில் இடித்தாள். அவளுக்குக் கூரை, தேசிங்குவுக்குத் தரை.

"ன்னாங்க, கீழ டும்முடும்முனு கேக்குது," என்றாள் ஜெகதா.

"பிராக்டீஸ் பண்றான். பஞ்ச எடு," என்றார் தேசிங்கு.

அவர் அடைத்துக்கொண்டார். ஜெகதா அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் பேபி அடைத்துக்கொண்டாள். சத்தம் தூண் வழியாக ஏறி இரண்டாம் மாடிக்குப் போனது, முனிரத்தினம் டப்பாவைத் திறந்தார். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அடைத்தன. எட்டாம் மாடி வரைக்கும் அந்தக் கட்டளைக்கு அன்றைக்குக் கிடைத்த மாதிரி மரியாதை அதற்கு முன் கிடைத்ததே இல்லை, ஒரு காதுகூடத் திறந்திருக்கவில்லை, ஆகவே கட்டடமும் அன்று ஓர் அரிசிகூட இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து ஜெகதா ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். நின்னுடுச்சு என்றாள். காபி போட எழுந்தாள்.

இதை எப்படிச் சொன்னாலும் கொடுமையாகத்தான் இருக்கிறது, அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் வடிந்தபின் ஜன்னல் கம்பியை அறுத்து அவளை வெளியே எடுத்தார்கள். தேசிங்குவின் தரைக்குக் கீழே, கூரையின் சுண்ணாம்பில், கட்டையின் முனை பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் குழிந்திருந்தது. கன்னியப்பன் அந்த வட்டங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பாட்டில்லாமல் எப்படி. சாமியானாவை ரோட்டில் போட்டார்கள். ஏழாம் பிளாக் மொத்தமும் இறங்கி வந்து மழைச் சேற்றில் நின்றது, கட்டடத்துக்குள் ஒரு குஞ்சுகூட இல்லை. பஞ்சு டப்பாக்களை யாரும் எடுத்துவரவில்லை, எடுத்துவர யாருக்கும் கை வரவில்லை. தேசிங்கு தானே போய்ச் சங்க அறையிலிருந்து பழைய பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கன்னியப்பன் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதுல வாசிப்பா. கட்டடம் போனா போவுது."

கன்னியப்பன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிடாரை மடியில் படுக்கவைத்து, தடித்த கம்பியின் முறுக்காணியைத் தளர்த்தினான். கம்பியைக் கழற்றி, வளையமாகச் சுருட்டி, ஐஸ் பெட்டியைத் திறந்து அவள் கைக்குள் வைத்து மூடினான். அப்புறம் மிச்ச மூன்று கம்பியோடு அந்தச் சின்னப் பெட்டியில் ஒயரைச் செருகி உட்கார்ந்தான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது கிடாரின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

பாடகன் பாடினான். எங்கள் தோளெல்லாம் உனக்குத் தெரியும் ஏகவல்லி, உன் தோளை எவள் அளந்தாள் என்று பாடினான், எந்தெந்தக் கால் உன் ஜன்னலுக்கு வந்தது, எந்தக் கால் உனக்காக ஓர் அடி எடுத்துவைத்தது என்று பாடினான், பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கன்னியப்பன் தடித்த கம்பி வரவேண்டிய இடத்தில் கையை நிறுத்தி, சும்மா விட்டு, அடுத்த கம்பிக்குப் போனான். அந்தச் சும்மா விட்ட இடத்தில் அது கேட்டது. ஒருத்தருக்கு மட்டும் இல்லை, அத்தனை பேருக்கும் கேட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டது. முதலில் கிடார் மாதிரி இருந்தது, அப்புறம் கிடார் மாதிரி இல்லை, கீழேயிருந்து யாரோ கட்டையால் கூரையை இடிக்கிற மாதிரி இருந்தது. ஜெகதா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பொத்தியபின்தான் அதிகமாகக் கேட்டது.

அவர்கள் கண் எதிரில் ஏழாம் பிளாக் இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல், பாட்டின் தாளத்துக்கே, ஒவ்வொரு இடிக்கும் ஒரு சாண். கீழ்வீட்டு ஜன்னல் மறைப்பு மறைந்தது, படிகளின் நீலச் சுவர் மறைந்தது, அப்புறம் பால்கனியை இடித்து வைத்த கதவுகள், கோலம், பேபியின் டைல்ஸ், ராசியான வீடு. கன்னியப்பன் பாட்டு முடிந்ததும் கையை எடுத்தான். முதல் மாடி கழுத்தளவு மண்ணில் நின்றது. தேசிங்கு ஓடிவந்து கிடாரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தடித்த கம்பி இருக்கவேண்டிய முறுக்காணி மொட்டையாக இருந்தது.

"நான் வாசிக்கல தலைவரே," என்றான் கன்னியப்பன். அதன்பின் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். சுடுகாட்டிலிருந்து அவன் திரும்பி வரவில்லை. கிடாரும் அந்தச் சின்னப் பெட்டியும் சாமியானாவின் கீழே அப்படியே கிடந்தன.

கருமாதி முடிந்த மறுநாள் சங்கம் கூடியது. கம்பியும் இல்லை, வாசிக்கிறவனும் இல்லை, ஆனால் யாராவது ஏகவல்லியை நினைத்துவிட்டால் அந்த இடி காதில் கேட்கிறது, கேட்டால் இறங்குகிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஜெகதாவுக்கு முட்டிவலி. மண்ணைச் சறுக்கி வீட்டுக்குள் போனால் வெளியே வரமுடியவில்லை, சேலையெல்லாம் சேறு. தேசிங்கு எழுந்து நின்றார், தலைவராக இல்லாமல், முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு.

"ரெண்டாம் மாடில யாராச்சும் வூடு மாத்திக் குடுங்கப்பா. எனக்காக வேணாம், அவளால முடியல."

முனிரத்தினம், சாமியானாவிலிருந்து எடுத்துவந்து மூலையில் போட்டிருந்த டிபன் கேரியர் அளவுப் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"வூடு மாத்தறது பெரிய வேல தலைவரே," என்றார். "இதவிடச் சின்னதா ஒரு பெட்டி இருக்குமான்னு கடைல கேட்டுப் பாக்கலாமே."